தொட்டில் கட்டையில் மூன்று வளையங்கள்

பத்து வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க், கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு, பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாக. பொம்மிடியில் எங்கள் தெருவில் யாருக்குக் கரண்ட் பில் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை மூன்று மரவளையங்கள் ஏமாற்றினால் அது எப்படிப் பொறுத்துக்கொள்ளும்? நான் செய்த காரியத்துக்கு இதைத்தான் பல வருடம் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். மரத்துண்டை இரண்டு முனையிலும் பிடித்து மோட்டாரில் சுழலவிட்டு, சுழல்கிற மரத்தின்மேல் உளியைக் கொடுத்துச் செதுக்குகிற வேலை. கட்டில் கால், பூரிக்கட்டை, மோர் கடைகிற மத்து, பம்பரம் எல்லாம் அப்படித்தான் உருண்டு திரண்டு வரும். குடும்பத்தில் மற்ற எல்லோரும் நிலத்தை நம்பி இருந்தவர்கள். மாமா மட்டும் பதினெட்டு வயதில் யாரிடமும் சொல்லாமல் கர்நாடகத்தில் மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்துக்குப் போய், நாலு வருடம் கழித்துக் கன்னடமும் அரக்கு வேலையும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தவர். படுக்கை பட்டறையில், சாப்பாடு எங்கள் வீட்டில். கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இடங்களில் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பார்களாம். பதில் சொன்னதும் காபியோடு பேச்சு முடிந்துவிடும் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். மாமா அதற்கும் சிரிப்பார்.

மிஷின் ஓடும்போது நான் பட்டறைக்குள் போகக் கூடாது. இடுப்புவரை தொங்கிய என் சடைதான் காரணம். சுழல்கிற மரத்தில் முடி சிக்கினால் என்ன ஆகும் என்று மாமா ஒருமுறை கையால் செய்து காட்டினார். அதோடு சரி, வாசலில் குறுக்கே ஒரு பலகை வந்துவிட்டது. பலகைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மாமாவின் முதுகும், சுருள் சுருளாகப் பறந்து விழும் சீவலும்தான் தெரியும். முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்று தோன்றும். பையன்கள் எல்லாம் உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு வருவார்கள்.

அந்த வருடம் சித்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை. அவளை மாரண்டஹள்ளியில் கொடுத்திருந்தோம். அங்கே அவளுடைய மாமனார் நிறைய தக்காளி போடுகிறவர், கையில் காசு புழங்குகிற குடும்பம். புதிதாக மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாடிப்படிக்கும் மேலே வராந்தாவுக்கும் கைப்பிடிக்குக் கீழே வரிசையாகக் கடைசல் கால்கள் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கோ பெங்களூரில் ஒரு பங்களாவில் பார்த்தாராம். சித்தி சும்மா இருப்பாளா? எங்கள் அண்ணன் கையில் ஒட்டும் இருக்காது, ஆணியும் இருக்காது என்று புகுந்த வீட்டில் சொல்லிச் சொல்லி அவரை நம்பவைத்திருந்தாள். "தொட்டில் சீரு அன்னிக்கி வர்றாரில்ல, அன்னிக்கே பேசி முடிச்சிரலாம்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஒரு முழு வீட்டு வேலை மாமாவுக்கு அதுவரை கிடைத்ததில்லை. அது கிடைத்தால் பூரிக்கட்டைக்காரன் என்ற பெயர் போய்விடும். அடுத்த முறை பெண் கேட்டுப் போகும்போது நிமிர்ந்து உட்காரலாம் என்று அம்மா கணக்குப் போட்டாள். மாமா மறுநாளே வெட்பாலை மரத்தில் நல்ல துண்டாக ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் ஆனதும் தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அன்றைக்குத் தாய்மாமன் தொட்டில் சீர் எடுத்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டிலுக்குச் சேலை, வெள்ளி அரைஞாண், கூடவே ஒரு தொட்டில் கட்டை. சேலையில் தூளி கட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்து பிள்ளையை மூடிக்கொள்ளும் இல்லையா, அதை விரித்துப் பிடிக்க நடுவில் குறுக்கே கொடுக்கிற கட்டை அது. கடையில் சாதாரணமாகவே கிடைக்கும். மாமா செய்தது சாதாரணக் கட்டை இல்லை.

முழங்கை நீளம். மஞ்சள் அரக்கு. இரண்டு முனையிலும் மாதுளம்பிஞ்சுபோலக் குமிழ். நடுவில் மெலிந்த இடத்தில் மூன்று சிவப்பு வளையங்கள், எதிலும் ஒட்டாமல் லொடலொட என்று அங்கும் இங்கும் ஓடின. சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே உருகவிட்டு, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றியிருந்தார். முகம் தெரிந்தது. அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. குமிழ் பெரியது, வளையத்தின் துவாரம் சிறியது. வளையம் எப்படி உள்ளே போனது? அது ஒன்றுதான் என் கேள்வி.

"செவ்வாக்கெழம மூச்ச அடக்கிக்கினு ஊதுனா தானா ஏறிக்கும் பாப்பா. ரெண்டாப்பு பசங்களுக்கே தெரியுமே இது" என்றார் மாமா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கட்டையைப் பழைய வேட்டியில் சுற்றி எங்கள் பீரோமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அறுத்து ஒட்டித்தான் மாட்டியிருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். அறிவுள்ள யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. ஒட்டின இடத்தைக் கண்டுபிடித்து அவர் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். சீருக்கு நாலு நாள் இருந்தது. அப்போதெல்லாம் தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. பட்டறை நின்றுவிடும், மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துத் தூங்குவார். அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்தியும் பிள்ளையும்கூடத் தூக்கம். நான் நாற்காலி போட்டு ஏறிக் கட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போனேன்.

வளையத்தை நகத்தால் சுரண்டினேன். ஒட்டு தெரியவில்லை. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. அரக்குக்கு அடியில் மறைத்திருக்கிறார் என்று தோன்றியது. அப்பாவின் சைக்கிள் டூல்ஸ் பையிலிருந்து உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து ஓரத்தில் இருந்த வளையத்தை அறுத்தேன். மெல்லிய மரம், நாலு இழுப்பில் அறுந்துவிட்டது. உள்ளே மரம் மட்டும்தான் இருந்தது. அப்படியென்றால் ஒட்டு எதிர்ப்பக்கம் இருக்கும் என்று அறுத்த இடத்தில் விரலைக் கொடுத்து விரித்தேன். பட்டென்று இரண்டாக வந்துவிட்டது. அங்கேயும் மரம்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சத்தியமாக, மாமாவுக்காக இல்லை. அம்மா அடிப்பாள் என்றுதான்.

ஸ்கூல் கைவேலைக்கு வாங்கிய வெள்ளைப் பசை வீட்டில் இருந்தது. இரண்டு துண்டையும் கட்டையைச் சுற்றி வைத்து ஒட்டினேன். அது காயும்வரை நூல் சுற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுத்த இடத்தில் வெள்ளையாகக் கோடு தெரிந்தது. சித்தியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துத் தடவினேன். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. உலகத்தில் எனக்குத் தெரியாத வேலை எதுவும் இல்லை என்று மறுபடியும் தோன்றியது. மாமா எழுந்திருப்பதற்குள் கட்டை பீரோமேல் போய்விட்டது.

மாரண்டஹள்ளியில் அன்று நல்ல கூட்டம். பழைய வீட்டில் சமையல், இன்னும் பூசாத புது வீட்டுக் கூடத்தில் தொட்டில். சித்தியின் மாமனார் சீர்த்தட்டிலிருந்து கட்டையை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். புது வீட்டுக்குக் கதவு ஜன்னல் செய்கிற ஆசாரியும் வந்திருந்தார், அவர் கையிலும் கொடுத்தார். எல்லோரும் வளையத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. "எங்கியாச்சும் ஒட்டு இருக்குதா பாருங்க. நம்ம படிக்கட்டும் இந்தக் கைதான்" என்றார் சித்தியின் மாமனார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். சித்தி பெருமை தாங்காமல் என் தோளைக் கிள்ளினாள்.

தூளி கட்டி, கட்டையைக் கொடுத்து, பிள்ளையைப் போட்டார்கள். சித்தியின் மாமியார் முதல் ஆட்டு ஆட்டினார். வளையங்கள் கடகட என்று ஓடின. பிள்ளை கண்ணை அகல விரித்து மேலே பார்த்தது. மூன்றாவது ஆட்டிலோ நாலாவது ஆட்டிலோ ஒரு வளையம் இரண்டு துண்டாகி அதன் வயிற்றில் விழுந்தது.

பிள்ளை அழவில்லை. ஆனால் கூடமே அடங்கிப்போய்விட்டது. நல்ல நாளும் அதுவுமாகத் தாய்மாமன் சீர் தொட்டிலிலேயே உடைந்து விழுந்தால் யார்தான் பேசுவார்கள்? ஆசாரிதான் குனிந்து துண்டுகளை எடுத்தார். உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "பசைங்க இது" என்றார்.

சித்தியின் மாமனார் மாமாவைப் பார்த்தார். "என்னா தம்பி? ஒட்டு இல்லன்னு ஊரு பூரா சொல்லிக்கினு கெடந்தனே?"

மாமா துண்டுகளை வாங்கிக்கொண்டார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றிருந்தேன், அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் கையிலேயே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாரையும் தேடவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்க" என்றார். "கடைசி வளையம் பிரிக்கறப்ப உளியில மாட்டித் தெறிச்சிருச்சி. வேற செய்ய நாள் பத்தல. ஒட்டிப்புட்டேன். தப்புதாங்க."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாமாவும் ஒட்டியிருக்கிறார்! விழுந்தது அவர் ஒட்டிய வளையம். நான் அறுத்தது ஓரத்து வளையம், விழுந்ததும் ஓரத்து வளையம்தான். ஆனால் கட்டைக்கு இரண்டு ஓரம் உண்டே! மூன்று வளையமும் ஒரே சிவப்பு, இரண்டு குமிழும் ஒரே அச்சு. எந்த ஓரம் என்று யார் கண்டது? பெரியவர் ஒருவர் தன் வாயால் சொல்லும்போது நான் ஏன் நம்பக் கூடாது? அது மட்டும் இல்லை. என் ஒட்டு இன்னும் நிற்கிறது, கடைசல் மாமா ஒட்டியது நாலு ஆட்டுக்கூடத் தாங்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும்போது இந்தப் பெருமை வேறு எனக்கு. எழுதவே கை கூசுகிறது. ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

சித்தியின் மாமனார் கெட்ட மனிதர் இல்லை. கோபப்படவில்லை, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "படிக்கட்டு வேலைய அப்பறமா பாத்துக்கலாந் தம்பி" என்றார். அந்த வேலை கிருஷ்ணகிரியில் யாருக்கோ போயிற்று. சித்தி வாசல்வரைகூட வந்து வழியனுப்பவில்லை. பஸ்ஸில் அம்மா பாலக்கோடு வரும்வரை அழுதுகொண்டே இருந்தாள். "ரெண்டு வளையத்தோடயே குடுத்திருந்தா யாரு கேக்கப்போறாங்க? ஏன்டா இப்பிடிப் பண்ணுன?" என்று கேட்டாள். "வுடுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் பயத்தில் வாய் மூடிக்கிடந்த ஒரு குழந்தை என்று என்னை நானே கொஞ்சம் மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் நான் வாய் மூடிக்கிடக்கவில்லை. திங்கட்கிழமை ஸ்கூலில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். மாமா ஊதி மாட்டுகிறேன் என்று சொல்வதெல்லாம் பொய், அறுத்து ஒட்டுவதுதான் வேலை, அதை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று சொன்னேன். சின்ன ஊர். ஒரே வாரத்தில் பட்டறைக்குப் பம்பரம் வாங்க வந்த பையன்கூட நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒட்டு இல்லியேண்ணா?" என்று கேட்கிற நிலைமை வந்தது. கட்டில் கடைக்காரர் ஒருவர், கால் வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தரையில் தட்டிப் பார்த்தாராம். அம்மாதான் சொல்லிப் புலம்பினாள்.

அரைப் பரீட்சை லீவில் சித்தி வீட்டுக்குப் போனபோது அந்தக் கட்டை தொட்டிலில்தான் இருந்தது. மூன்றில் இரண்டு வளையம் மிச்சம். மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பிள்ளையைத் தூக்கிப் பாயில் விட்டுவிட்டு, இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என்னுடைய ஒட்டைத் தேடினேன். இரண்டும் முழு வளையம். எங்கேயும் கோடு இல்லை, நெயில் பாலிஷ் இல்லை. அப்போது எனக்குக் காது இரண்டும் சூடானது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாமா இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். அதற்கப்புறம் மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது, பையன் ஸ்கூல் முடிக்கப்போகிறான். பட்டறையில் இரண்டு மிஷின். ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வீடு கட்டுகிறவர்கள் போனில் டிசைன் அனுப்பிக் கேட்கிறார்கள். மாரண்டஹள்ளி சமாச்சாரம் யாருக்கும் நினைவில்லை. போன வருடம் என் மகள் பிறந்தபோது, நான் கேட்காமலே ஒரு தொட்டில் கட்டை செய்து கொண்டுவந்து வைத்தார். வாங்கிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்துவிடுவார் என்று தெரியும். அந்தச் சிரிப்புக்கு நேரே நிற்க எனக்கு முகம் இல்லை.

ஆனால் எனக்கு ரொம்ப வெட்கமாக இருப்பது அறுத்ததை நினைத்தோ, ஸ்கூலில் சொன்னதை நினைத்தோ அல்ல. அந்த அரைப் பரீட்சை லீவுக்கு முன்னால், மாரண்டஹள்ளியிலிருந்து வந்து ஒரு மாதம் இருக்கும், ஒரு சனிக்கிழமை நடந்தது அது.

நான் ஸ்கூலில் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று மாமா காதுக்குப் போயிருக்க வேண்டும். காலையில் வீட்டுக்கு வந்து, "பாப்பா, பட்டறைக்கி வர்றியா" என்று கூப்பிட்டார். வாசலில் இருந்த பலகையை அவரே எடுத்து ஓரமாக வைத்தார். என் சடையைச் சுருட்டிக் கொண்டையாக்கி, தன் துண்டை எடுத்து என் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தன் பக்கத்திலேயே நிற்கவைத்தார். மோட்டாரைப் போட்டார்.

முதன்முறையாக அவர் முதுகுக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்தேன். கரடுமுரடான கட்டை ஒரே நிமிடத்தில் உருளையானது. அதில் ஓர் இடத்தை மேடாக விட்டுவிட்டு, அந்த மேட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளம் எடுத்தார். பிறகு நுனி வளைந்த ஒரு சின்ன உளியை மேட்டுக்கு அடியில் கொடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குடைந்துகொண்டே போனார். மூச்சுக்கூட விடவில்லை. திடீரென்று மேடு கட்டையிலிருந்து கழன்று, வளையமாகித் தனியாகக் குதித்தது. வளையத்தை யாரும் மாட்டவில்லை, அது பிறந்ததே உள்ளேதான். இவ்வளவு சுலபமான விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கட்டையை என் கையில் கொடுத்தார். வளையம் சூடாக இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். நகத்தால் சுரண்டியும் பார்த்தேன்.

"ஒட்டு இருக்குதா பாப்பா?"

"இல்ல மாமா."

அவர் தலையாட்டினார். அப்போது நான் கேட்டேன். "இவ்ளோ நல்லா செய்றீங்க. அப்பறம் அன்னிக்கி மட்டும் எதுக்கு மாமா ஒட்டுனீங்க?"

மாமா முக்காலியை இழுத்துப் போட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்தார். இமையில் எல்லாம் மரத்தூள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப்போனது. அதுவரை அவர் எதற்காகவோ காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவம், என்ன சொல்வது என்று தெரியாமல் முழிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்களும் தப்பு செய்துவிட்டால் வெட்கப்படத்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பரவால்ல மாமா" என்றேன். "இனிமே ஒட்டாதீங்க."

"சரி பாப்பா" என்றார்.

தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து அவர் மடியில் வைத்தேன். வளையக் கட்டையைக் கையில் ஆட்டிக்கொண்டு, அவரைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன்.